புது டிவி வேண்டாம்

விக்கிரமசிங்கபுரம்
ஆடி 3

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் தங்கை பிள்ளைகளோடு வந்து மூன்று நாள் இருந்து, ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டுப் போனாள். போனிலேயே சொல்லலாம்தான். சொன்னால் நீ பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால் தாளை எடுத்துவிட்டேன்.

முதலில் முக்கியமானது. புது டிவிக்கு ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் செய்துவிடு. நம் டிவியில் ஒரு குறையும் இல்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ஆனி பிறந்து பத்து நாள் இருக்கும்போது ஆரம்பித்தது. நீயே வீடியோ காலில் பார்த்தாய். செய்தி வாசிக்கிற பெண்ணின் வாய் கன்னத்துக்குப் போய்விடும், சேலை கட்டம் கட்டமாக உடையும், நடுவில் சத்தம் விக்கும். நீ "பேனல் போயிருக்கும்" என்றாய். தெருவில் கேட்டால் "சாரல் நேரத்துல டிஷ் அப்படித்தான்" என்றார்கள். கம்பெனிக்குச் சொன்னதும் ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் வருவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். அப்போது பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும்! இரண்டாவது தடவை வந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று டிஷ்ஷின் மூக்கில் இருந்து சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யை மாற்றிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த திங்கட்கிழமை 11 மணிக்கு மறுபடியும் கட்டம்.

எனக்கு முதல் சந்தேகம் வோல்டேஜ்மேல்தான். மில்லில் அத்தனை வருஷம் எலெக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இருந்தவனுக்கு வேறு எது தோன்றும்? மீட்டரை வைத்துப் பார்த்தேன், 228 காட்டியது. பழி அங்கே இல்லை.

அப்புறம்தான் மில்லில் மோட்டார் ஓடாவிட்டால் என்ன செய்வோம் என்று யோசித்தேன். லைனைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்ப்போம். இங்கேயும் அதையே செய்தேன். படம் உடைகிற நேரத்தில் பேத்தியின் பிறந்தநாள் வீடியோ இருக்கிற பென் டிரைவைச் செருகினேன். கேக்கிலிருந்த மெழுகுவத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆக, பேனல் தப்பித்தது. பேனலில் கோளாறு என்றால் எதைப் போட்டாலும் அதே இடத்தில் கோடு நிற்கும். அடுத்து, செட்டாப் பாக்ஸின் மெனுவைத் திறந்தேன். பின்னால் படம் சிதறிக்கொண்டிருந்தது, மேலே மெனு எழுத்து மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. அந்த எழுத்தைப் பாக்ஸே எழுதுகிறது. அது டிவி வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளும் நல்ல கேபிள்தான். மிச்சம் இருப்பது சிக்னல் பாக்ஸுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் உள்ளது. அதாவது தட்டட்டியில், மொட்டை மாடியில் இருக்கிற டிஷ்ஷும் வயரும்.

மேலே போய்ப் பார்த்தேன். வயர் முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், தண்ணீர் இறங்கியிருக்கவில்லை. டிஷ்ஷை மறைக்கிற மாதிரி தென்னை ஓலையும் இல்லை.

அதோடு நிறுத்தாமல், அம்மா பால் கணக்கு எழுதுகிற காலண்டரில், படம் உடைகிற நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு வாரத்தில் வேடிக்கை தெரிந்தது. சாரல் அடித்த நாளில் புள்ளியே இல்லை! வெயில் அடித்துக் காற்றும் வீசிய திங்கள், வியாழனில்தான் இருந்தது. மழை டிஷ்ஷைக் கெடுக்கும் என்பது நிஜம்தான், ஆனால் அது கொட்டுகிற மழை. நம் ஊர்ச் சாரலுக்கு அந்த வலு கிடையாது. கிழமைக் கணக்கில் சேராமல் ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் நின்றது. உன் தங்கை ஊருக்குக் கிளம்பிய மறுநாள் அது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அம்மா பின்னால் வந்து, "அன்னைக்குத்தான் அவ்வளவு பெட்ஷீட்டையும் துவைச்சுப் போட்டேன், இடுப்பு போயிட்டு" என்றாள்.

கூச்சம் என்றேனே, அது இதுதான். ஆனியின் முதல் காற்றில் கொல்லை முருங்கை ஒடிந்து விழுந்தது. துணி காயப்போடுகிற கொடி அதில்தான் கட்டியிருந்தது. நான்தான் புதிதாக நைலான் கயிறு வாங்கி, மாடிப்படிக் கூட்டிலிருந்து டிஷ் நிற்கிற இரும்புக் குழாய்க்கு இழுத்துக் கட்டினேன். நல்ல முறுக்காகக் கட்டிவிட்டேன் என்ற பெருமை வேறு. அம்மா திங்களும் வியாழனும் துவைப்பாள். பத்து மணிக்கு மேல் ஈரப் போர்வை விரியும், மேல்காற்று அதைப் பாய்மரம் மாதிரி ஊதும், குழாய் ஒரு நூல் சாயும். சாயங்காலம் துணியை எடுத்துவிட்டால் குழாய் நிமிர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பையன் வருவான். பாவம், அவன்மேல் தப்பில்லை.

உறுதி செய்ய வேண்டாமா? அம்மாவைச் செட்டாப் பாக்ஸில் சிக்னல் பக்கத்தைத் திறந்து குவாலிட்டி எண்ணை வாசிக்கச் சொல்லிவிட்டு, மேலே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

"எவ்வளவு?"

"எழுபத்தஞ்சு... நாப்பது... ஐயோ, படம் போயிட்டு!"

விட்டேன். "வந்துட்டு, வந்துட்டு" என்று சத்தம்.

குழாய் சாய்வது கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. ஆனால் அந்த சாட்டிலைட் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இங்கே டிஷ் ஒரு பாகை திரும்பினால் அங்கே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பார்க்கும். இரண்டடி அகலத் தட்டுக்கு இது பெரிய தப்பு.

கீழே இறங்கும்போது பழைய நினைப்பு வந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்த பிறகு, கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் கிடைக்கிற வரைக்கும், நம் பக்கத்தில் டிவி என்றால் அதுதான். சேக்காளி வீட்டு மாடியில் நான் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே பத்துப் பேர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார்கள். அன்றும் தென்கிழக்கு, இன்றும் டிஷ் பார்ப்பது தென்கிழக்குதான். அப்போது சிக்னல் குறையக் குறையப் படமும் மெல்ல மங்கும், ஈ மொய்க்கும். இப்போது ஓர் அளவுவரை குறையே தெரியாது, அதற்குக் கீழே இறங்கியதும் ஒரேயடியாக உடைகிறது. முழுப்படத்தை இடைவெளி விட்டுத்தான் அனுப்புகிறார்களாம், நடுவில் மாறின பகுதி மட்டும் வரும். அதில் ஒரு துண்டு தவறினால் அடுத்த முழுப்படம் வரும்வரை பழைய கட்டம் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாய் கன்னத்துக்குப் போன கதை இதுதான்.

கயிற்றை அவிழ்த்து, குழாயின் போல்ட்டுகளை இறுக்கி ஆறு நாள் ஆகிறது. காலண்டரில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் கொடியும் இல்லை, அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வருகிறாய் அல்லவா? டிவிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, துணி காயப்போடுகிற மடக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்கி வா. சாரல் நாளில் தார்சாவில் ஃபேனுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். இரட்டைப் போர்வை விழுகிற அகலம் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா