ராம்குமாரின் காசியைக் காணத் துணைநின்றோருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நவீன நிலக்காட்சி ஓவியர் ராம்குமாரின் வாழ்வையும் பணியையும் பற்றி நான் எழுதிவந்த நூல் இம்மாதம் அச்சேறிவிட்டது. 2018 ஏப்ரலில் அவர் மறைந்த செய்தியைப் படித்த வாரத்தில் தொடங்கிய வேலை இது. நூலின் முன்பக்கங்களில் நன்றி கூற எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பக்கம். யார் எதைத் தந்தார் என்று விரித்துச் சொல்ல அதில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்கவே இம்மடலை எழுதுகிறேன். தம் பெயர் வெளிவர வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, எனக்கு இந்தி வாசித்துக் காட்டிய ஆசிரியை அம்மாவுக்கு. 1924இல் சிம்லாவில் பிறந்து, பொருளாதாரம் படித்து, வங்கி வேலையில் அமர்ந்து, அதை உதறிவிட்டுப் பாரிசுக்குப் போய் ஆந்த்ரே லோத், ஃபெர்னான் லெஜே ஆகிய பிரெஞ்சு ஓவியர்களிடம் ஓவியம் பயின்றவர் ராம்குமார் என்பது வரை நானே தேடித் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் இந்தியில் தேர்ந்த சிறுகதையாளரும்கூட. எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் தமையன். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே இந்தி தெரிந்த எனக்கு, அம்மா இரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அக்கதைகளை வாசித்துப் பொருள் சொன்னார். வேலையற்ற இளைஞர்களும் நெருக்கடியான வீடுகளும் வரும் இடங்களில் நிறுத்தி, “இதே வீட்டை அவர் படத்தில் பார்த்தீர்களா?” என்று கேட்பார். 1950களில் அவர் தீட்டிய மனிதர்கள் வாடிய முகத்தோடு நிற்க, அவர்களுக்குப் பின்னால் நெருங்கி நிற்கும் கட்டடங்களை அதுவரை வெறும் பின்னணியாக மட்டுமே நான் பார்த்திருந்தேன்.

அடுத்து, காசியில் அனுமன் படித்துறையை ஒட்டிய சந்தில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தார். பதினொரு நாட்கள் எனக்கு மாடி அறையைத் தந்ததோடு, ஒரு படகோட்டியிடமும் அழைத்துச் சென்றார்கள். அந்தப் பெரியவருக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1960இல் ராம்குமார், சக ஓவியர் எம்.எஃப். உசேனுடன் காசிக்குப் போனார். அந்தப் பயணத்துக்குப் பின் அவருடைய கித்தான்களிலிருந்து மனித உருவங்கள் மெல்ல மறைந்தன. பழுப்பும் சாம்பலுமாக ஒன்றன்மேல் ஒன்று சரிந்த வீடுகளும், சுவர்களும், கரையும் மட்டுமே எஞ்சின. பின்னர் அவையும் கரைந்து அரூபமாயின. ‘ஓவியர் மனிதர்களிடமிருந்து விலகினார்’ என்றுதான் என் முதற்படியில் எழுதியிருந்தேன். நான் கொண்டுபோயிருந்த அச்சுப்படங்களைப் படகில் விரித்துக் காட்டியபோது, பெரியவர் அவற்றில் ஒன்றைக் கையிலெடுத்து, எதிரே இருந்த சுவரைக் காட்டினார். வெள்ளம் வடிந்து விட்டுப்போன வண்டல், அதில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. அதன் கீழே கல்லின் நிறமே வேறாக இருந்தது. “மழைக்காலத்தில் இந்தப் படிகளில் ஆள் நிற்க முடியாது. ஆனாலும் ஊர் இங்கேதானே இருக்கிறது” என்றார். அன்றிரவே அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினேன். மனிதர்கள் அப்படங்களை விட்டுப் போகவில்லை, அவர்கள் வாழ்ந்த தடமே சுவராகவும் படியாகவும் நிற்கிறது என்பதுதான் இன்று என் வாசிப்பு. அதற்கு வித்திட்டவர் அவர்.

தம் வீட்டுக் கூடத்தில் தொங்கும் 1960களின் ஓவியம் ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கிக் காட்டிய சேகரிப்பாளருக்கும், அங்கே உடன்வந்த ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் சகோதரிக்கும் என் நன்றி. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைப் படத்தின் பக்கவாட்டில் பிடித்தார் அந்தச் சகோதரி. நேரே பார்க்கும்போது தட்டையான சாம்பல் பரப்பாக இருந்த இடத்தில், கத்தியால் இழுத்த எண்ணெய் வண்ணத்தின் வரப்புகள் நிழலோடு எழுந்தன. ஒரு வரப்பின் ஓரத்தில், அடியிலிருந்த காவிமஞ்சள் நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்தது. அந்தச் சாம்பல் எப்படி அவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்ற என் பலநாள் கேள்விக்கு விடை அந்த ஓரத்தில் இருந்தது.

பழைய கண்காட்சிக் கையேடுகளைப் பார்க்க ஒரு நிறுவனத்துக்கு மூன்று முறை சென்றும் அனுமதி கிடைக்காமல் திரும்பினேன். அந்த மனத்தாங்கலைக் கேள்விப்பட்டுத் தம் சொந்தச் சேகரிப்பை அட்டைப்பெட்டியோடு அனுப்பிவைத்த ஓய்வுபெற்ற நூலகர் ஐயாவின் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். மெய்ப்புப் பார்த்த நண்பர்கள் மூவருக்கும் என் வணக்கம்.

அச்சகத் தோழர்களுக்கு நான் மிகுந்த தொல்லை கொடுத்திருக்கிறேன். நான்கு வண்ண அச்சில் சாம்பல் நிறம் இம்மி பிசகினாலும் நீலத்துக்கோ சிவப்புக்கோ சாய்ந்துவிடும் என்பதை அவர்களிடம்தான் கற்றேன். காசிப் படங்கள் வந்த தாளை, முகம் சுளிக்காமல் நான்கு முறை மாற்றி ஓட்டினார்கள். மூன்றாவது தாளை எடுத்துச் சன்னலோரம் போய்ப் பார்த்த இயந்திர இயக்குநர், நான் வாய் திறக்கும் முன்பே, “இது ஈரமாகத் தெரியுது, அது காஞ்ச மண்ணுல்ல” என்றார். நான்காவது தாளே நூலில் இருக்கிறது.

உங்கள் அனைவருக்கும் இவ்வாரம் நூலின் படிகளை அஞ்சலில் அனுப்புகிறேன். படகோட்டிப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவருடைய படியை மட்டும் என்னிடமே வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்து படிகள் வெளியே தெரியத் தொடங்கும்போது, ஆசிரியை அம்மாவும் என்னோடு காசிக்கு வர இசைந்திருக்கிறார். அந்த அத்தியாயத்தை அவர் இந்தியில் சொல்ல, பெரியவர் படகிலேயே கேட்கட்டும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
நூலாசிரியர்