லாக் புக்கில் கையெழுத்துப் போடும் முன்: குமரி மாவட்ட நர்சிங் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த எட்டு செமஸ்டர் திட்டத்தைத்தான் நடத்துகிறீர்கள். உடற்கூறியலில் தொடங்கி நுண்ணுயிரியல், மருந்தியல், மனநலம், சமுதாய நலம், ஆராய்ச்சி, புள்ளியியல் வரை போகிறது. தடயவியல் நர்சிங்கும் சட்டமும்கூட ஐந்தாம் செமஸ்டரில் வந்துவிட்டன. நாங்கள் ஜெனரல் நர்சிங் படித்த காலத்தில் இதில் பாதி கிடையாது. நல்ல திட்டம். அதில் செய்முறை என்று எழுதியிருக்கும் மணி நேரங்கள் எங்கே போகின்றன என்பதுதான் என் கேள்வி.

என் அக்கா மகள் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் ஏழாம் செமஸ்டர் படிக்கிறாள். கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. லீவுக்கு வந்தவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகப்பேறு லாக் புக்கை, அதாவது செய்து பழகியதைப் பதிந்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் செய்முறைப் பதிவேட்டை, நிரப்பிக்கொண்டிருந்தாள். போனில் லேபர் ரூம் (பிரசவ அறை) ரெஜிஸ்டரின் படம். அதைப் பார்த்துத் தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், குழந்தையின் எடை என்று வரிசையாக எழுதுகிறாள். பக்கத்தின் தலைப்போ, மாணவி தானே நடத்திய பிரசவங்கள். நீ எத்தனையில் கை வைத்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணுலயும் இல்ல சித்தி. பின்னாடி நின்னு பாத்தேன். ரெஜிஸ்டர் பாத்து எழுதினா போதும்னு மிஸ்ஸே சொல்லிட்டாங்க."

பின்னால் நின்று பார்த்ததையும் விசாரித்தேன். ஒரே அறையில் இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள். வலியில் கிடக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி ஒரு கூட்டம். முன்வரிசையில் நிற்பவர்களுக்கே டாக்டரின் முதுகுதான் தெரியும். உடன் வந்த டியூட்டர், அதாவது செய்முறை சொல்லித்தர வேண்டிய ஆசிரியர், வெளியே மேசையில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தத் தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகவும் தெரியவில்லை.

லேபர் ரூமில் பல வருடம் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசியைத் தசையில் போட வேண்டும் என்பதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதை அப்படிப் படிக்க முடியாது. தொப்புள் பக்கம் கருப்பை சிரட்டை போலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். இளகிக் கிடந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே தேய்த்துவிட வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும், ட்ரிப்ஸ் ஓட வேண்டும். 500 மில்லிக்கு மேல் போனால் ஆபத்து என்று புத்தகத்தில் இருக்கிறது. துணியிலும் மெத்தையிலும் ஊறிப்போனது எவ்வளவு என்று மதிப்பிடுவது பழகிய கண்ணுக்குத்தான் முடியும். இரவு இரண்டு மணிக்கு, டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் நேரத்தில், அந்தத் தாயின் பக்கத்தில் நிற்பது நர்ஸ் ஒருத்திதான். அவள் கைக்குக் கெட்டி எது, இளக்கம் எது என்று தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

என் அக்கா மகள் வரைந்த பார்ட்டோகிராப்களையும், அதாவது பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கும் வரைபடங்களையும், பார்த்தேன். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பு ஒழுங்காகக் குறித்திருக்கிறது. பிரசவம் தாமதமாகிறது என்று காட்டும் எச்சரிக்கைக் கோட்டை ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. எல்லாத் தாய்க்கும் ஒரே மாதிரி. நிஜமான லேபர் ரூமில் அப்படி வராது. அதன் கீழே ஆசிரியரின் கையெழுத்து இருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை மேல் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். மாணவி செய்ததை ஆசிரியர் கட்டிலருகே நின்று பார்த்த பிறகே லாக் புக்கில் கையெழுத்துப் போடுங்கள். செய்யாததற்குப் போடாதீர்கள்.

கேஸ் கிடைக்கவில்லை என்பீர்கள். பிரசவம் காலை எட்டுக்கும் மதியம் இரண்டுக்கும் இடையில் மட்டுமா வருகிறது? இரண்டு மணிக்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடுகிறது. மாலையிலும் இரவிலும் ஆசிரியரோடு சிறு குழுக்களாக அனுப்பினால் கூட்டமும் குறையும், கேஸும் கிடைக்கும். எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் போய் நிற்காமல், ஆசாரிப்பள்ளம், தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று கல்லூரிகள் பேசி முறை வைத்துக்கொள்ளலாம். 1838-இல் நெய்யூரில் மருத்துவ மிஷன் வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பழகிய மாவட்டம் இது. நோயாளிகள் இல்லாத ஊர் இல்லை.

வார்டில் பயிற்சிக்கு அனுப்பும் வார்டு போஸ்டிங்கும் இதே கதைதான். ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவதும், பில் கவுண்டரில் நிற்பதும், படுக்கை விரிப்பதும் முடிந்தால் ஷிப்ட் முடிந்தது. படுக்கை விரிப்பது நர்சிங்கின் முதல் பாடம், அதைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். நான்காம் வருடத்திலும் அது மட்டும்தான் என்றால், அங்கே படிப்பு நடக்கவில்லை. சம்பளமில்லாத வேலை நடக்கிறது. அதற்கும் நம் ஊர்க்காரர்கள்தான் காசு கட்டுகிறார்கள். ரப்பர் பால் வெட்டியும், கடலுக்குப் போயும், முந்திரி ஆலையில் இருந்தும் சேர்த்த காசு, அப்புறம் வங்கிக் கடன். படித்து முடித்த பிள்ளைக்குச் சம்பளமாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் அமைத்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதில் பாதிகூடக் கிடைக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். கேட்டால், "உனக்கு வேலை தெரியாது, ஒரு வருஷம் பழகு" என்கிறார்கள். வேலை தெரியாமல் அனுப்பியது யார்?

சம்பளம் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும், அதை இங்கே இழுத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது அந்தக் கையெழுத்து. தியரிக்கு 80 சதவீத வருகை போதும், செய்முறைக்கு மட்டும் பட்டம் வாங்கும் முன் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு இந்தப் படிப்பு எங்கே நடக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

டியூட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் வார்டில் நிற்க ஆசைப்படுகிறவர்கள்தான். வகுப்பு, பதிவேடு, ஆய்வுக்கு வருகிறவர்களுக்கான பைல் என்று உங்களை மேசையிலேயே கட்டிப்போட்டிருக்கிறார்கள். நிர்வாகம் அந்த எழுத்து வேலைக்குத் தனி ஆள் போட்டால் நீங்கள் பிள்ளைகளோடு நிற்கலாம்.

ஏழாம் செமஸ்டரில் இருக்கிறவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். அதற்கான போஸ்டிங் பட்டியலை நீங்கள் தயாரிக்கும்போது, யார் எதைக் கையால் செய்ததில்லை என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். மதிப்பெண் குறையும் என்ற பயமில்லாமல் அவர்கள் பதில் சொல்லட்டும். அதை வைத்து லேபர் ரூம் போஸ்டிங்கை நீட்டுங்கள், இரவு ஷிப்ட் கொடுங்கள், கூடவே ஒரு ஆசிரியரை அனுப்புங்கள். செய்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற ஸ்டாப் நர்ஸ் ஒருவர்,
தக்கலை