சுரங்க மேட்டில் என்ன முளைக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலக்கரி எடுத்து முடித்த நிலத்தை மறுபடி பச்சையாக்கிவிட்டார்கள் என்று அடிக்கடி செய்தியும் படமும் வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சையில் என்னென்ன செடி இருக்கிறது, போன வருஷம் இருந்தது இந்த வருஷமும் இருக்கிறதா, தானாக விதை விழுந்து முளைத்தது எவ்வளவு என்று ஒரு வரியும் காணோம். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரத்தநாடு பக்கத்து விவசாயி. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்களைப் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் பார்த்துவிட்டு எங்கள் ஊரே கலங்கிப் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், சரி. 2020-லேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்ட பிறகும் அந்தப் பட்டியல் வந்ததே என்பதுதான் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "தோண்டினாலும் மண் போட்டு மூடி மரம் வைத்துத் தந்துவிடுவார்கள்" என்று அப்போது எங்களிடம் சொன்னவர்களும் உண்டு.

சரி, அது எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். சுரங்கம் உள்ள ஊர் ஒன்றில்தான் தங்கையைக் கொடுத்திருக்கிறோம். பிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து எடுத்துக்கொண்டு, வண்டிப்பாதையை ஒட்டி, சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிய பழைய மேட்டில் மாப்பிள்ளையும் நானும் பத்து இடத்தில் போட்டு எண்ணினோம். மேலே தைலமரமும் சீமைக்கருவேலமும். சட்டத்துக்குள்ளே காய்ந்த தைல இலை, நடுநடுவே வெட்டுக்காயப்பூண்டு, பார்த்தீனியம், இரண்டே இரண்டு சட்டத்தில் கொழுஞ்சி. மண்ணைக் கிளறினால் கல் மாதிரி கட்டி, ஒரு மண்புழு இல்லை. வீட்டுக்கு வந்து அதே சட்டத்தை என் வயல் வரப்பில் போட்டேன். அருகு, கோரை, கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, அப்புறம் எனக்கே பெயர் தெரியாத மூன்று.

அந்தக் கொழுஞ்சியைப் பார்த்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற செடி அது, அது நிலைத்தால் அதன் பின்னால் மற்றதும் வர வழியுண்டு. அடுத்த மழைக்கு அது பரவியதா, செத்ததா என்று யாராவது குனிந்து பார்த்தால்தானே தெரியும்?

சாட்டிலைட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சென்டினல்-2 ஐந்து நாளைக்கு ஒரு முறை படம் எடுக்கிறது, யாரும் காசில்லாமல் பார்க்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பதே பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அடர்ந்த சீமைக்கருவேலமும் அதில் நல்ல பச்சையாகத்தான் விழும், அடியில் இருக்கிற கொழுஞ்சி விழாது. இன்னொன்று, விதையும் நுண்ணுயிரும் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது. தோண்டும்போதே அதைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் பரப்பாவிட்டால் அடிமண் மேலே வந்துவிடும், அதில் எத்தனை கன்று நட்டாலும் கீழே புல் பிடிப்பது கஷ்டம்.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனத்துக்கும் செடிகொடிக்கும் உயிர்களுக்கும் ஏற்றதாக்கித் தருவதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது. அப்படியென்றால் நட்ட கன்றின் எண்ணிக்கையை மட்டும் காட்டினால் எப்படிப் போதும்? ஒவ்வொரு மேட்டிலும் முளைக்குச்சி அடித்து இடம் குறித்து, வருஷத்துக்கு இரண்டு தடவை, பருவமழை முடிந்து தையிலும் கோடையில் சித்திரையிலும், அதே இடத்தில் எண்ண வேண்டும். பக்கத்தில் தோண்டாத நிலத்திலும் எண்ண வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். எண்ணுவதற்கு அந்த ஊர்ப் பெண்களையே கூலி கொடுத்துக் கூப்பிடலாம், வருஷம் முழுக்கக் களை எடுக்கிறவர்களுக்குத் தெரியாத செடியா?

எங்கள் பத்து இடத்துக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தையில் அறுப்பு முடிந்ததும் மறுபடி போகிறேன், அதே இடங்களில் சட்டம் போட.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்