கேமிங் பிசி கொட்டேஷன் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

60,000 ரூபாய்க்குள் கேமிங் பிசி வேண்டும் என்று வருபவர்களிடம், விலை சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறோம். என்ன கேம் ஆடுவீர்கள்? மானிட்டர் எது? “பட்ஜெட்தான் சொல்லிட்டேனே, லிஸ்ட்டைக் குடுங்க” என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஏன் கேட்கிறோம் என்று எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

வேலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்களில் ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் பிராசசரைப் பொறுத்தது. சைபர்பங்க் 2077 மாதிரி என்றால் பாரமெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டு தலையில். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், கார்டு 140 ஃப்ரேம் தள்ளினாலும் திரை நொடிக்கு 60 முறைதான் மாறும். அப்படிப்பட்டவரிடம் கார்டில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கச் சொல்வோம். கார்டு விற்றால் எங்களுக்கு லாபம் கூடுதல்தான், இருந்தாலும் சொல்வோம்.

1080பி (ஃபுல் எச்டி) திரையில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஆடுவேன் என்பவருக்கு நாங்கள் முதலில் எழுதுவது ரைசன் 5 5600 பிராசசர், ஒரு பி550 மதர்போர்டு, 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. பிராசசரோடு கூலரும் பெட்டியிலேயே வரும், தனியாக வாங்க வேண்டாம். ரைசன் 5 5500 போட்டால் கொஞ்சம் மிச்சமாகும்தான். ஆனால் பிராசசருக்குள் இருக்கும் கேஷ் மெமரி 32 எம்பியிலிருந்து 16 ஆகப் பாதியாகிவிடும், கேமில் அது தெரியும்.

“ஏஎம்5 போடலாமே, புதுசாச்சே” என்று கேட்கிறார்கள். ஏஎம்5 என்பது புதிய ரைசன் பிராசசர்கள் உட்காரும் சாக்கெட்; அதற்குப் புதுத் தலைமுறை டிடிஆர்5 ராம் மட்டும்தான் பொருந்தும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் கொட்டேஷனில் ராம் விலைக்கு மட்டும் மூன்று நாள் கெடு போட்டிருப்பது அதனால்தான். 5600-க்கு முந்தைய தலைமுறை டிடிஆர்4 ராம்தான்; பழைய மெஷினில் அது இருந்தால் கொண்டு வாருங்கள், டெஸ்ட் செய்து அதையே போட்டுத் தருகிறோம். புதிதாக வாங்கினால் ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதியை, ஆன் செய்யாவிட்டால் 3200 வேக ராம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் ஆன் செய்துதான் தருவோம்; பயாஸை ரீசெட் செய்தால் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி. பேரம் பேசும்போது எல்லோரும் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். “கேபினட்டோட ஃப்ரீயா வருதே, அதையே போடுங்க” என்பவர்கள் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரை ஒரு முறை படித்துப் பாருங்கள். மேலே பெரிதாக 450 வாட் என்று இருக்கும். கீழே 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க வெறும் 216 வாட். பிராசசரும் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட், 5600 முழு லோடில் 76 வாட் வரை போகும், ஆக 208. போர்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் இன்னும் கணக்கில் வரவில்லை. அதே கட்டத்தில் 37 ஆம்பியர் போட்டிருக்கும் நல்ல 450 வாட்டில் 444 வாட் கிடைக்கும். ‘80 பிளஸ்’ முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்துக்கு அல்ல. கேபினட்டோடு ஓசியில் வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கிராஃபிக்ஸ் கார்டு மாட்டித் தர மாட்டோம். இதில் மட்டும் வாதம் வேண்டாம்.

கேபினட் உங்கள் விருப்பம். முன்பக்கம் கண்ணாடியை விட வலை நல்லது, நம் ஊர் வெயிலுக்குக் காற்று போக வேண்டும். ஆர்ஜிபி விளக்கு வேண்டுமென்றால் போடுவோம், ஆனால் அதனால் ஃப்ரேம் ஏறாது.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் “டிஸ்ப்ளே வரலை” என்று போன் வந்தால், பாதி நேரம் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பார்கள். 5600-இல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். பிறகு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல சமயம் அது 60-லேயே நின்றிருக்கும்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதித் தருகிறோம். வாரன்டிக்கு வரும்போது பில்லும் பாகமும் போதும், முழு பிசியையும் தூக்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
அசெம்பிளி பிரிவு