ரிச்மண்டிலிருந்து அக்காவுக்கு

ரிச்மண்ட், விர்ஜீனியா

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில், "அந்தக் கூச்சலைக் கேட்கவா காசு கொடுத்துப் போகிறாய்?" என்று கேட்டாய். அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் காசு கொடுத்துக் கேட்கப் போகும் அந்த இசைக்குழுவின் பெயர் முனிசிபல் வேஸ்ட். 2001-ஆம் ஆண்டு இதே ரிச்மண்டில் உருவானவர்கள். டோனி ஃபாரெஸ்டா பாடுகிறார். ரயன் வேஸ்ட் கிட்டாரும் ஃபில் ஹால் பேஸ் கிட்டாரும் டேவ் விட்டே டிரம்ஸும் வாசிக்கிறார்கள். இவர்களுடைய இசையைக் கிராஸ்ஓவர் த்ராஷ் என்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் கனத்த கிட்டார் ஒலி கொண்ட மெட்டல் இசையின் ரசிகர்களும், வேகமான முரட்டு இசையான ஹார்ட்கோர் பங்கின் ரசிகர்களும் பெரும்பாலும் தனித்தனிக் கூட்டமாகவே இருந்தார்கள். பங்கின் சுருக்கத்தையும் கோபத்தையும் த்ராஷ் மெட்டலின் விரைந்த, கூர்மையான கிட்டார் வாசிப்போடு இணைத்துச் சில குழுக்கள் இரு கூட்டத்தையும் ஒரே அரங்குக்குள் கொண்டுவந்தன. ஹூஸ்டனில் தோன்றிய டி.ஆர்.ஐ. குழு 1987-இல் வெளியிட்ட பாடல் தொகுப்புக்கே 'கிராஸ்ஓவர்' என்றுதான் பெயர் வைத்தது. முனிசிபல் வேஸ்ட் தொடங்கிய காலத்தில் அந்த அலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை மீண்டும் எழுப்பி, எங்கள் தலைமுறையின் கைக்குக் கொடுத்தவர்களில் இவர்கள் முதன்மையானவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மெட்டல் குழுக்கள் போரையும் மரணத்தையும் நரகத்தையும் முகம் இறுக்கிப் பாடுவது வழக்கம். இவர்களோ விருந்துக் கொண்டாட்டத்தையும், நச்சுக் கழிவில் பிறழ்ந்துபோன உயிர்களையும், மலிவான பழைய திகில் படங்களில் வரும் சுறாக்களையும் பாடுகிறார்கள். முதல் தொகுப்பான 'வேஸ்ட் எம் ஆல்' மெட்டாலிகா என்ற புகழ்பெற்ற மெட்டல் குழுவின் 1983-ஆம் ஆண்டு முதல் தொகுப்பான 'கில் எம் ஆல்' என்பதன் பெயரைச் சீண்டுகிறது. 2017-இல் வந்த 'ஸ்லைம் அண்ட் பனிஷ்மென்ட்' தஸ்தயெவ்ஸ்கியின் 'கிரைம் அண்ட் பனிஷ்மென்ட்' (குற்றமும் தண்டனையும்) நாவலையே வம்புக்கு இழுக்கிறது. ஆனால், அக்கா, அந்த வேடிக்கை சொற்களோடு நின்றுவிடுகிறது. வாசிப்பில் விளையாட்டே கிடையாது. பல பாடல்கள் இரண்டு நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. அதற்குள் மூன்று நான்கு முறை வேகம் மாறும். மாறும் ஒவ்வோர் இடத்திலும் டேவ் விட்டேயின் கையும் காலும் இம்மியும் பிசகாமல் வந்து விழும். இவ்வளவு உழைப்பை ஒரு சிரிப்புக்காகச் செலவிடுகிறார்களே என்ற மரியாதைதான் ரசிகர்களின் அன்புக்கு வேர் என்று நினைக்கிறேன்.

கச்சேரியில் அந்த அன்பைக் கண்ணாலேயே காணலாம். கையில்லாத ஜீன்ஸ் மேற்சட்டை முழுவதும் குழுக்களின் பெயர் பொறித்த துணித்துண்டுகளைத் தாங்களே தைத்துக்கொண்டு வருகிறார்கள். நரைத்த தாடிக்காரர்களும் கல்லூரி மாணவிகளும் தோளோடு தோள் நிற்கிறார்கள். முதல் பாடல் தொடங்கியதும் மேடைக்கு முன்னால் கூட்டம் பெரிய வட்டமாகச் சுற்றி ஓடத் தொடங்குகிறது. இதைச் சர்க்கிள் பிட் என்பார்கள். கடலில் அலைமேல் சறுக்கும் சிறு பலகையைக் கொண்டுவந்து, அதன்மேல் படுத்தபடி கூட்டத்தின் கைகளில் மிதந்து மேடைவரை போகிறவர்களும் உண்டு. பார்ப்பவருக்கு அடிதடி போலத் தோன்றும். ஆனால் யாராவது தடுக்கி விழுந்தால் அந்தக் கணமே சுற்றியிருப்பவர்கள் ஓட்டத்தை நிறுத்தித் தூக்கி நிறுத்திவிடுவார்கள்; கீழே விழுந்த செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் கையை உயர்த்திக் காட்டி, உரியவரைத் தேடிக் கொடுப்பார்கள். பாடல்களில் பீர் ஆறாக ஓடினாலும் நான் அதைத் தொடுவதில்லை. அதற்காக என்னை விலக்கி நிறுத்தியவர் இங்கே எவரும் இல்லை. அம்மாவிடம் இதை மறக்காமல் சொல்.

இந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பணிபுரியும் விர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் ஓவிய மாணவர்கள் சிலர்தான், 1984-இல் அரக்க வேடமிட்டு வாசிக்கும் க்வார் என்ற மெட்டல் குழு உருவாகக் காரணமாக இருந்தார்கள். ஆகவே சிரிப்பும் இரைச்சலும் ஒன்றாக வருவது ரிச்மண்டுக்குப் பழகிய வழக்கம். தங்கள் ஊர்ப் பிள்ளைகள் உலகம் சுற்றிவிட்டு வந்து உள்ளூரில் வாசிக்கும்போது, இங்கிருப்பவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல நடந்துகொள்கிறார்கள்.

எல்லாத் தொகுப்பும் ஒரே உயரம் என்று நான் சொல்ல மாட்டேன். 2009-இல் வந்த 'மாசிவ் அக்ரெசிவ்' எனக்குச் சற்று இறுக்கமாகவே படுகிறது. அதை உயர்த்திப் பேசும் நண்பர்களோடு இரவு வெகுநேரம் வாதாடியிருக்கிறேன். 2022-இன் 'எலெக்ட்ரிஃபைட் பிரெய்ன்' அந்தப் பழைய துள்ளலோடு இருக்கிறது.

பெரியவன் கிட்டார் வகுப்புக்குப் போவதாக எழுதியிருந்தாய். 2007-இன் 'தி ஆர்ட் ஆஃப் பார்ட்டியிங்' தொகுப்பிலிருந்து அவன் தொடங்கட்டும். வலதுகை மணிக்கட்டைத் தளர்வாக வைத்துக்கொண்டு, முதலில் மெதுவாக வாசித்துப் பழகச் சொல். எந்தப் பாடலில் கை சிக்குகிறது என்று அவனையே எனக்கு எழுதச் சொல். இங்கே கேட்டுச் சொல்ல எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி