அபலோன்களை ஒன்று சேர்த்த கைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

கடலில் சிதறிக் கிடந்த அபலோன்களை, அதாவது பாறையில் ஒட்டி வாழும் ஒற்றை ஓட்டுக் கடல் நத்தைகளை, எடுத்துவந்து ஒரே பாறைத்திட்டில் சேர்க்கும் வேலை இந்தப் பருவத்துக்கு முடிந்துவிட்டது. கைகொடுத்த எல்லோருக்கும் தனித்தனியாக எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் செய்தது என்னவென்று மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

“கடலில் இருப்பதை எடுத்துக் கடலிலேயே விடுவதில் என்ன பயன்?” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அபலோன் இணைசேரும் உயிர் அல்ல. ஆண் விந்தை நீரில் விடும், பெண் முட்டையை நீரில் விடும். இரண்டும் நீரிலேயே சந்தித்தால்தான் அடுத்த தலைமுறை. நடுவில் சில மீட்டர் இடைவெளி விழுந்தாலே விந்து நீர்த்துப் போய்விடுகிறது. வளர்ந்த பெண் அபலோன் லட்சக்கணக்கில் முட்டை விட்டாலும், பக்கத்தில் ஆண் இல்லையென்றால் அத்தனையும் வீண். கலிபோர்னியாவின் அபலோன் மீட்புத் திட்டம் ஹெக்டேருக்கு 2,000 என்ற அடர்த்தியைக் கீழ் எல்லையாக வைத்ததற்கு இதுவே காரணம். அங்கே 1970களில் அளவில்லாமல் பிடிக்கப்பட்ட வெள்ளை அபலோனுக்கு 1996இல் பிடிப்புத் தடை வந்தது. எஞ்சியவை ஒன்றையொன்று எட்டாத தொலைவில் தனித்து முதிர்ந்துகொண்டிருந்ததால், தடை மட்டும் அவற்றை மீட்டுத் தரவில்லை. 2001இல் அது அமெரிக்காவின் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்கள் பட்டியலில் ஏறியது. கடல்வாழ் முதுகெலும்பில்லாத உயிர்களில் அந்தப் பட்டியலுக்குள் போன முதல் உயிர் அதுதான்.

நம் திட்டிலும் அபலோன் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்று இங்கே, இன்னொன்று கண்ணுக்கெட்டாத தூரத்தில். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் உங்கள் உதவி.

எந்த இடுக்கில் முன்பு அபலோன் அடை அடையாக இருந்தது என்பதை மூத்த முக்குளிப்பாளர்கள் நினைவிலிருந்தே வரைந்து கொடுத்தார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் அது. அந்த வயதில், அந்தக் குளிரில், நீருக்குள்ளும் இறங்கிக் காட்டிய ஐயா ஒருவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கைகாட்டிய இடத்தில் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி பாறைமேல் பூச்சுப் போலப் படர்ந்திருந்தது. அபலோனின் இளம் உயிரி சில நாள் நீரில் மிதந்துவிட்டு, ஒட்டிக்கொள்ளத் தேடுவது இந்தப் பாசியைத்தான்.

நோய்ப் பரிசோதனை செய்த ஆய்வகத் தோழர்களே, முடிவு கைக்கு வரும்வரை ஒரு அபலோன்கூட நகரக் கூடாது என்று உறுதியாக நின்றீர்கள். கலிபோர்னியாவில் 1980களில் தொடங்கிய வாடல் நோய் கருப்பு அபலோனைப் பல இடங்களில் துடைத்தெடுத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நரம்பைத் தாக்கும் வைரஸ் காட்டு அபலோன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. இடம் மாற்றும்போது நோயையும் சேர்த்து மாற்றிவிட்டால், செய்யாமல் இருந்திருப்பதே மேல். எடுக்கும் இடம் வறண்டுவிடாமல், அங்கே எத்தனை மிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னவர்களுக்கும் இதே நன்றி.

இப்போது நீருக்குள் இறங்கியவர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதன் அருமை கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அபலோன் சும்மா இருக்கும்போது பாறையில் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும். ஆபத்தை உணர்ந்த கணத்தில் பாதத்தை இறுக்கிவிட்டால் பிறகு மனிதக் கையால் அசைக்க முடியாது. இரும்புப் பட்டையைக் கொடுத்து நெம்பினால் வரும், ஆனால் பாதத்தில் வெட்டு விழும். அபலோனின் இரத்தம் எளிதில் உறையாது. சிறு காயமே போதும், சில நாளில் செத்துவிடும். அதனால் நீங்கள் நட்சத்திர மீனைப் பயன்படுத்தினீர்கள். தன்னைத் தின்னும் நட்சத்திர மீனின் கை மேலே பட்டதும் அபலோன் ஓட்டைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்க்கும். அந்தச் சில நொடிக்குள் அடியில் கையைக் கொடுத்து எடுத்துவிட வேண்டும். இறுக்கிக்கொண்டதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போன உங்கள் பொறுமையால்தான் இத்தனை அபலோன்கள் காயமில்லாமல் வந்து சேர்ந்தன.

மேலே காத்திருந்த படகோட்டி அண்ணன் மீன்பெட்டிகளை நிழலில் வைத்து, ஈரத்துணியைக் கடல்நீரில் நனைத்து நனைத்து மாற்றிக்கொண்டே இருந்தார். வெயில் பட்டால் அபலோன் தாங்காது. ஓட்டில் எண் வில்லை ஒட்டியவர்களும் ஒவ்வொன்றையும் அளந்து குறித்தவர்களும் வேகமாக வேலை செய்ததால் அவை நீருக்கு வெளியே இருந்த நேரம் குறைந்தது.

விடும்போதும் அதே கவனம். படகிலிருந்து கொட்டிவிட்டால் பாதி மல்லாந்து விழும், திருக்கையும் நண்டும் மொய்த்துவிடும். ஒவ்வொன்றையும் இடுக்குக்குள் வைத்து, பாதம் பாறையைப் பற்றும்வரை பிடித்திருந்து, பக்கத்திலேயே அடுத்ததையும் வைத்தீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்பாரிக் கரையில் 2011இன் கடல் வெப்ப அலை அபலோனை ஏறக்குறைய முழுதாக அழித்தபின், வேறு இடத்திலிருந்து காட்டு அபலோன்களைக் கொண்டுவந்து சேர்த்துப் பார்த்தார்கள். பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை விடாமல் நாமும் காட்டு அபலோன்களையே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பண்ணைக் குஞ்சுகள் கடலில் விட்டதும் பெரும்பாலும் இரையாகிவிடுகின்றன. வளர்ந்த காட்டு அபலோனுக்கு ஒளியத் தெரியும், அந்தப் பருவத்திலேயே முட்டையும் விடக்கூடும்.

காலி ஓடுகளைப் பொறுக்கிவந்து வாசித்தவர்களை மறக்கவே மாட்டேன். ஓட்டில் ஊசித்துளை இருந்தால் அதைத் தின்றது பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), விளிம்பு நொறுங்கியிருந்தால் நண்டோ சிங்கி இறாலோ. இந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் பேய்க்கணவாய் குடியிருந்த பக்கத்தைத் தவிர்த்தோம். இழப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பாசியைத் தின்றுவிடும் கடல் முள்ளெலிகளை ஒதுக்கி, அபலோனுக்குத் தீனியான பாசி மீண்டும் வளர இடம்செய்தவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. தீனி இல்லாத பாறையில் அபலோன் தங்காது.

இந்தத் திட்டில் இனி கைவைப்பதில்லை என்று ஒப்புக்கொண்ட, அபலோன் பிடிக்கும் தொழிலாளர்களுக்கு என் தனி வணக்கம். பிழைப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். எந்த அனுமதிச் சீட்டும் இந்தப் பாறையை உங்களைப் போல் காக்க முடியாது.

பிறக்கும் குஞ்சுகள் சில ஆண்டுகள் பாறைக்கடியிலேயே மறைந்திருக்கும் என்பதால் பலன் உடனே கண்ணில் படாது. அதுவரை எண்களைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண் ஒட்டிய அபலோன் உயிரோடு தென்பட்டால் எடுக்காமல் எண்ணை மட்டும் குறித்து அனுப்புங்கள். காலி ஓடாகக் கிடைத்தால் ஓட்டையே கொண்டுவாருங்கள். முட்டையிடும் பருவத்துக்கு முன் அடுத்த கணக்கெடுப்பு. படகோட்டி அண்ணன் இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார். நீருக்குள் இறங்க ஆறேழு பேராவது வேண்டும்.

நன்றியுடன்,
பாறைத்திட்டு மீட்புப் பணியை ஒருங்கிணைத்தவர்