எண்ணெயோடு வரும் தண்ணீரின் கணக்கு எங்கே?

எண்ணெய் நிறுவனத்தின் டெல்டா பகுதி மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் உங்கள் அதிகாரி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரையும் எண்ணெயையும் ஊற்றிக் காட்டினார். எண்ணெய் மேலே நின்றது. "பூமிக்குள்ளும் இப்படித்தான், மேலே நிற்பதை மட்டும் எடுக்கிறோம்" என்றார்.

பூமிக்குள் டம்ளர் கிடையாது ஐயா, பாறைதான் இருக்கிறது. புவியீர்ப்பு வாயுவை மேலும், எண்ணெயை நடுவிலும், நீரைக் கீழும் பிரிக்கப் பார்க்கும். அதுவரை சரி. ஆனால் மணற்கல்லின் நுண்துளைகளில் நுண்புழை விசை, அதாவது விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சும் அதே விசை, நீரை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. துளை சிறுக்கச் சிறுக்க நீர் ஏறும் உயரமும் கூடும். அதனால் கோடு கிழித்தாற்போல எல்லை இருக்காது. எண்ணெயும் நீரும் சேர்ந்தே கிடக்கும் பகுதி சில பாறைகளில் பல மீட்டர் தடிமன் வரும். வேகமாக உறிஞ்சினால் அடியிலுள்ள நீர் கூம்பாக எழும்பிக் கிணற்றுக்குள் வந்துவிடும். கிணறு பழசாக ஆக, பெரும்பாலும் எண்ணெய் குறைந்து நீர்தான் கூடும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்குப் பாலபாடம்.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதுக் கிணறுகளைத் தடுத்தது, முன்பே இருந்தவற்றை விட்டுவைத்தது. அப்படியானால் எங்களைச் சுற்றி இருப்பவை பழைய கிணறுகள். அவற்றிலிருந்து தினமும் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எங்கே போகிறது? நாங்கள் கேட்பது இந்த ஒரு கணக்குத்தான்.

காரணம் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்தில் உங்கள் குழாய் கசிந்தபோது, மேலே மிதந்த எண்ணெயை ஆள் வைத்து வழித்தீர்கள். ஒரு போக நஷ்டஈடும் கொடுத்தீர்கள். கூடவே வந்த தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆழத்துப் பாறை நீர் பல எண்ணெய் வயல்களில் கடலைவிட உப்பு. எண்ணெயை வழிக்கலாம், உப்பை எதை வைத்து வழிப்பது? குழாய் கசிந்த இடத்து நெல்வயலில் இன்றும் சம்பா நாற்று பச்சை பிடிக்காமல் கருகுகிறது. மண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொன்னால், "எங்களுடையது எண்ணெய்க் குழாய்தானே" என்று பதில் வருகிறது.

வருஷா வருஷம் வழவழப்பான காலண்டர் தருகிறீர்கள், பள்ளிக்குப் பெஞ்சு தருகிறீர்கள். அந்தக் காலண்டரின் ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கை அச்சிட்டால் தாள் ஒன்றும் வீணாகிவிடாது.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிணறு வாரியாக, மாதா மாதம், வெளிவந்த நீரின் அளவையும் உப்பின் அளவையும், அந்த நீரைத் திரும்பப் பூமிக்குள் எந்த ஆழத்தில் செலுத்துகிறீர்கள் என்பதையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு டம்ளர் வேண்டாம், அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாய்க்கால் பாசன விவசாயி ஒருவன்